சிரிப்பு கேட்காத மூன்று நொடி

வாலுவின் பெயரில் ஒன்பது காப்புரிமைகள் இருந்தன. அவளுடைய அண்ணியின் பெயரில் பதினொன்று. இடையில் இருக்கும் இரண்டு ஒன்றும் மலையளவு வித்தியாசம் இல்லைதான். ஆனால் அண்ணன் வீட்டுக் கூடத்தில் பதினொன்றையும் கண்ணாடிச் சட்டம் போட்டு வரிசையாக மாட்டிவைத்திருந்தார்கள். சோபாவில் எந்த மூலையில் உட்கார்ந்தாலும் அவை கண்ணில் பட்டன. போன முறை அங்கே போயிருந்தபோது வாலு வேண்டுமென்றே அந்தச் சுவருக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். எதிரே இருந்த அலமாரிக் கண்ணாடியில் பதினொன்றும் தெரிந்தன.

நாற்பத்து மூன்று வயதாகியும் குடும்பத்தில் அவளுக்குப் பெயர் வாலுதான். ஏழு வயதில் வாசல் அழைப்பு மணியைக் கழற்றிப் பிரித்துப்போட்டு, மூன்று நாள் வருகிறவர் போகிறவரையெல்லாம் கதவைத் தட்டவைத்துச் சம்பாதித்த பெயர் அது. இப்போது அவள் பிரிப்பது இன்னும் பொடிப் பொருள்களை. நுண்செயலிக்குள் ஓடும் நிரலில் கோளாறு எங்கே என்று தேடித்தரும் கருவிகளைச் செய்கிற நிறுவனத்தில் தலைமைப் பொறியாளர். தொழிலில் அந்தக் கருவிக்கு டீபக்கர் என்று பெயர். தீப்பெட்டி அளவு பெட்டி, அதிலிருந்து ஒரு மெல்லிய கம்பி. கம்பியைச் செருகினால் போதும், செயலியின் வயிற்றுக்குள் நடப்பதெல்லாம் கணினித் திரைக்கு வந்துவிடும்.

ஒன்பதில் முதலாவதுதான் அவளுக்குச் செல்லப்பிள்ளை. இம்மாதிரிச் செயலிகளுக்குள் ஒரு காவல்காரன் உண்டு. நிரல் அவ்வப்போது அவனிடம் "நான் இருக்கேன்" என்று குரல் கொடுக்க வேண்டும். குரல் வரவில்லையென்றால், நிரல் எங்கோ மாட்டிக்கொண்டுவிட்டது என்று முடிவுகட்டி, காவல்காரன் எல்லாவற்றையும் அணைத்து முதலிலிருந்து தொடங்கிவைப்பான். நல்ல ஏற்பாடுதான். ஆனால் பொறியாளர்கள் சோதனைக்காகச் செயலியை ஒரு நொடி நிறுத்தினால்கூட அவன் பதறிப்போய்த் தொடங்கிவைத்துவிடுவான். தேடிக்கொண்டிருந்த தடயமெல்லாம் காற்றில் போய்விடும். வாலு ஒரு வழி கண்டுபிடித்தாள். கம்பியைச் செருகிய மறுகணமே, யாரும் கேட்காமலேயே, அவளுடைய பெட்டி காவல்காரனைத் தூங்கவைத்துவிடும். பொறியாளர் கூட்டமே அவளைக் கையெடுத்துக் கும்பிட்டது. அதன் சான்றிதழ் அவள் படுக்கையறையில், கண் விழித்ததும் தெரிகிற இடத்தில் தொங்கியது.

அண்ணியின் தொழில் காது. கேட்கும் திறன் அடியோடு போனவர்களுக்கு அறுவை சிகிச்சை செய்து உள்காதில் மின்முனைகளைப் பதிப்பார்கள். காதுக்குப் பின்னால் மாட்டும் ஒரு சின்னக் கருவி வெளியிலிருந்து வரும் ஒலியை வாங்கி அவற்றுக்கு அனுப்பும். அண்ணி வடிவமைப்பது அந்த இரண்டையும்தான். பதினொன்றில் அண்ணிக்குச் செல்லமானது, திடீர்ச் சத்தத்தை அமுக்கும் உத்தி. தட்டு விழுந்தாலும் கதவு படாரென்று அடித்தாலும் கருவி அதைப் பாய்ந்து பிடித்து மெதுவாக்கிவிடும். மாட்டியிருப்பவருக்குத் தூக்கிவாரிப்போடாது.

அண்ணனும் அப்படிக் கருவி மாட்டியவர்தான். இருபத்தெட்டு வயதில் ஒரு காய்ச்சல் இரண்டு காதையும் பறித்துக்கொண்டது. மருத்துவமனையில் கருவியைச் சரிபார்க்க வந்த பொறியாளர்ப் பெண்ணிடம் ஒன்றன்பின் ஒன்றாக ஜோக் சொல்லியே அவரைக் கல்யாணம் பண்ணிக்கொண்டார். ஜோக் சொல்வது அவர் சுபாவம் மட்டுமில்லை, பிழைப்பும்கூட. அவர் புகைப்பட ஸ்டுடியோ வைத்திருந்தார்.

ஆறு மாதத்துக்கு முன் அண்ணியின் நிறுவனம் புதிய கருவியைப் பன்னிரண்டு பேருக்குச் சோதனைக்குக் கொடுத்தது. அதில் அண்ணனும் ஒருவர். முதல் நாள் அதை மாட்டிக்கொண்டு மகள் பேசியதைக் கேட்டுவிட்டு, "இத்தனை வருஷமா உன் குரலைத் தகர டப்பாக்குள்ள வச்சுல்ல கேட்டுக்கிட்டிருந்திருக்கேன்" என்று அண்ணன் தேம்பியதை வாலு நேரில் பார்த்தாள். அண்ணியை அப்படியே கட்டிக்கொள்ளலாம்போல அன்று அவளுக்கு இருந்தது. பதினொன்று நினைவுக்கு வந்ததால் கையை மட்டும் குலுக்கினாள்.

பிறகு வந்தது வினை. சோதனையில் இருந்த இரண்டு பேர், கருவி சில சமயம் மூன்று நொடி செத்துப்போகிறது என்று புகார் சொன்னார்கள். ஒருவர் மழலையர் பள்ளி ஆசிரியை. மற்றவர் ஆறு அக்காமாரோடு ஒரே வீட்டில் வாழ்பவர். மற்றவர்களிடமிருந்து ஒரு முணுமுணுப்பும் இல்லை. அவர்களில் மூன்று பேர் தணிக்கை அதிகாரிகள். ஆய்வகத்தில் தட்டைப் போட்டுப் பார்த்தார்கள், கதவை அடித்துப் பார்த்தார்கள், வாலுவின் டீபக்கரைச் செருகி வாரக்கணக்கில் காத்திருந்தார்கள். ஒன்றும் அகப்படவில்லை.

"உன் பெட்டிக்குக் கண்ணு தெரியல" என்றார் அண்ணி.

"என் பெட்டி பொய் சொல்லாது அண்ணி. உங்க சர்க்யூட்டை ஒரு தடவை நல்லாப் பாருங்க" என்றாள் வாலு.

இரண்டு மாதமாக இருவரும் மின்னஞ்சலில்தான் பேசிக்கொண்டார்கள். "மதிப்பிற்குரிய" என்று ஆரம்பிக்கிற மின்னஞ்சல்கள். இப்போது வெள்ளிக்கிழமை மருத்துவக் குழு கூடுகிறது. அதற்குள் காரணம் தெரியாவிட்டால் பன்னிரண்டு கருவிகளையும் திரும்ப வாங்கிவிடுவார்கள். அண்ணன் மறுபடியும் தகர டப்பாவுக்குப் போக வேண்டியதுதான்.

புதன்கிழமை மதியம் வாலு ஸ்டுடியோவுக்குப் போனாள். நிறுவனத்தின் ஆண்டு மலருக்கு அவளுடைய படம் வேண்டுமாம். சாம்பல் நிறத் திரை, சுழலும் முக்காலி, வெள்ளைக் குடை போட்ட இரண்டு விளக்குகள், கோட்டு இல்லாதவர்களுக்கென்று ஆணியில் மாட்டிய ஒரு பொதுக் கோட்டு என்று எல்லாம் வைத்தது வைத்தபடி இருந்தன. அண்ணன் மட்டும் என்னவோபோல் இருந்தார்.

"நேரா பாரு. முகவாயைக் கொஞ்சம் இறக்கு."

விளக்கு பளிச்சிட்டது.

"ஆச்சு, எழுந்திரு" என்றார் அண்ணன்.

"ஆச்சா? ஜோக் எங்கே?"

"போட்டோ எடுக்க எதுக்கு ஜோக்?"

அண்ணன் படமெடுக்கும் முறையே ஜோக்தான். கேமராவைத் தாங்கியில் நிறுத்திவிட்டுக் கையில் விசைப்பொத்தானோடு பக்கத்தில் வந்து நிற்பார். ஜோக் சொல்வார். சிரிப்பு கிளம்பிய அரை நொடியில் அழுத்துவார். கண்ணால் பார்த்து அழுத்தினால் தாமதமாகிவிடும், காதால் கேட்டு அழுத்த வேண்டும் என்பது அவர் கட்சி. சுவரில் அப்படி எடுத்த முகங்கள் ஏராளமாக இருந்தன. எல்லாம் வாய்விட்டுச் சிரித்த முகங்கள். ஆனால் கதவோரம் புதிதாக மாட்டியவற்றை வாலு இப்போதுதான் பார்த்தாள். எல்லாம் உதட்டை மூடிக்கொண்டிருந்தன.

"என்னண்ணா ஆச்சு உனக்கு?"

அண்ணன் பொதுக் கோட்டின் தூசியைத் தட்டினார். அதில் தூசியே இல்லை.

"இப்பல்லாம் என் ஜோக்குக்கு யாரும் சிரிக்கிறதில்ல வாலு."

"யார் சொன்னது?"

"யாரும் சொல்லல. வாயைத் திறக்கிறாங்க, பல்லைக் காட்டுறாங்க, சத்தம் வரல. மரியாதைக்குச் சிரிக்கிறாங்க. வீட்லயும் அப்படித்தான். உங்க அண்ணியும் பொண்ணும் எனக்காக வாயை வாயைத் திறந்து மூடுறாங்க. பாக்கவே பாவமா இருக்கு. அதான் விட்டுட்டேன்."

"சத்தம் கொஞ்சம்கூட வரலையா?"

"ஆரம்பத்துல 'ஹ'ன்னு ஒண்ணு கேக்கும். அதோட சரி. கொஞ்ச நேரம் கழிச்சு ஃபேன் சத்தம்தான் கேக்கும்."

வாலு முக்காலியோடு சேர்ந்து அவர் பக்கம் சுழன்றாள்.

"இரு, இரு. அப்ப நடுவுல ஃபேன் சத்தமும் கேக்கலையா?"

அண்ணன் யோசித்தார். "அட, ஆமா. சொந்த ஜோக்கு செத்துக் கிடக்கிறப்ப ஃபேனை யாரு கவனிப்பா?"

"ஐயோ அண்ணா! செத்தது ஜோக் இல்ல, மெஷின்! இதை ஏன் சோதனை ஃபார்ம்ல எழுதல?"

"அதுல கருவி எப்படி இருக்குன்னுதான் கேட்டிருந்தாங்க. என் ஜோக் எப்படி இருக்குன்னு கேக்கலையே."

அண்ணியிடமாவது சொல்லியிருக்கலாம். ஆனால் அதற்கும் வழியில்லை. கணவருடைய பதில்களை மனைவி மாற்றிவிடக் கூடாது என்பதற்காக, கருவியைப் பற்றி வீட்டில் மூச்சுவிடக் கூடாது என்று சோதனை விதியிலேயே இருந்தது. விதி என்றால் அண்ணி இம்மியும் பிசகமாட்டார். தங்கையைப் பற்றி விதி ஒன்றும் சொல்லவில்லை. வாலு இரண்டு மாதத்தில் முதல் முறையாக அண்ணிக்குத் தொலைபேசினாள். "மதிப்பிற்குரிய" எல்லாம் சொல்லவில்லை.

மறுநாள் நாலு மணிக்குக் குடும்பம் மொத்தமும் ஸ்டுடியோவில் கூடியது. குழுவிடம் அனுமதி வாங்கிக்கொண்டு அண்ணி வந்தார். கல்லூரியிலிருந்து மகள் வந்தாள். வாலு தன் கணவரையும் இழுத்துவந்தாள். அவர் பல் டாக்டர். நாளெல்லாம் வாயைத் திறந்துவைத்துக்கொண்டு சிரிக்க முடியாதவர்களோடே இருப்பதாலோ என்னவோ, வெளியே வந்தால் எதற்கெடுத்தாலும் வெடித்துச் சிரிப்பார். ஒரே ஜோக்குக்கு நாலு முறை சிரிக்கக்கூடிய மனிதர். வாலு அவரைக் கட்டிக்கொண்டதே அதற்காகத்தான்.

அண்ணனின் காதுக்குப் பின்னால் இருந்த கருவியில் வாலு கம்பியைச் செருகினாள். பெட்டி அவர் கழுத்தில் தொங்கியது.

"சொல்லுங்க மச்சான்" என்றார் பல் டாக்டர், இப்போதே பாதி சிரித்துக்கொண்டு.

அண்ணன் தயங்கினார். உள்ளங்கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டார். பிறகு பழைய ஜோக் ஒன்றை எடுத்தார்.

"ஒருத்தர் வந்தார். 'சார், போட்டோல நான் ரொம்ப அழகா இருக்கணும்'னார். நான் சொன்னேன், 'அப்ப நீங்க எதுக்கு சார் வந்தீங்க? வேற யாரையாவது அனுப்பியிருக்கலாமே.'"

பல் டாக்டர் வெடித்தார். மகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். அண்ணியின் சிரிப்பு மேலே மேலே ஏறிப்போய் விக்கலில் முடிந்தது.

அண்ணனின் முகம் மாறியது. "கேட்டுச்சு" என்றார். "எல்லாம் கேட்டுச்சு! விக்கல்கூட கேட்டுச்சு!"

எல்லோரும் கைதட்டினார்கள். வாலு திரையைப் பார்த்தாள். ஒரு கோளாறும் பதிவாகவில்லை. பார்த்தீர்களா என்று அண்ணியை ஒரு பார்வை பார்த்துவிட்டு, கம்பியைக் கழற்றினாள். "இன்னொரு தடவை சொல்லுண்ணா."

அதே ஜோக். பல் டாக்டர் முதல் தடவை கேட்பதுபோல வெடித்தார். அவரைப் பார்த்து மற்றவர்களுக்கும் அடக்கமுடியவில்லை. அண்ணன் எல்லோருடைய வாயையும் மாறி மாறிப் பார்த்தார். அவர் தோள் இறங்கியது. அவர் தலையசைத்ததிலேயே கேட்கவில்லை என்று தெரிந்துவிட்டது.

கம்பியைச் செருகினால் கேட்டது. கழற்றினால் நின்றது. மூன்றாம் முறையும் அப்படியே. நாலாம் முறை பல் டாக்டர் ஒருவர்தான் சிரித்தார், அவருக்கே இருமல் வந்துவிட்டது.

"விடு வாலு, பரவாயில்ல" என்றார் அண்ணன். "இந்தப் பெட்டியைக் கழுத்துல மாட்டிக்கிட்டே இருந்துடறேன். யாராவது கேட்டா தங்கச்சி போட்ட நகைன்னு சொல்லிக்கிறேன்."

யாருக்கும் சிரிப்பு வரவில்லை. வாலுவுக்கு மட்டும் காது மடல் சூடாகியது. கோளாறைப் பிடிக்க வந்த பெட்டி, செருகியதும் கோளாறையே நிறுத்திவிடுகிறது. அப்படியென்றால் செருகியதும் அது என்ன செய்கிறது? யாரும் கேட்காமலேயே என்ன செய்கிறது? பதில் அவள் படுக்கையறைச் சுவரில் பத்து வருஷமாகத் தொங்கிக்கொண்டிருந்தது.

அவள் வெள்ளைக் குடைக்குக் கீழே, தரையில் சப்பணம் போட்டு உட்கார்ந்துவிட்டாள்.

"அண்ணி."

"என்ன?"

"காவல்காரன்தான் ரீஸ்டார்ட் பண்றான். அதுக்கு ஆகிற மூணு நொடிதான் காது கேக்காம போகுது. ஆறு மாசமா அவனேதான். நாம எப்பல்லாம் பாக்க வந்தோமோ அப்பல்லாம் என் பெட்டி அவனைத் தூங்கவச்சிடுச்சு. கண்ணு தெரியலன்னு சொன்னீங்களே, அது நிஜம். நான்தான் அதோட கண்ணைக் கட்டி, அதுக்குப் பேட்டன்ட்டும் வாங்கி, சட்டம் போட்டு மாட்டி வச்சிருக்கேன்."

அண்ணன் ஆறு மாதம் வாயை மூடிக்கொண்டிருந்ததற்குத் தன் பெருமைதான் காரணமா என்று நினைக்க, வெட்கம் பிடுங்கித் தின்றது. அண்ணி இப்போது என்ன சொன்னாலும் வாங்கிக்கொள்ளத் தயாராக இருந்தாள். அண்ணி மடிக்கணினியைத் தன் பக்கம் திருப்பி எதையோ படித்தார். பிறகு அவரும் புடவையைச் சுருட்டிக்கொண்டு தரையில் உட்கார்ந்தார்.

"காவல்காரன் எதுக்கு ரீஸ்டார்ட் பண்ணுவான்? நிரல் குரல் குடுக்கலன்னா. ஏன் குடுக்கல? சொல்லவா?" அண்ணி நெற்றியில் அடித்துக்கொண்டார். "சிரிப்புன்னா என்ன, ஹா ஹா ஹான்னு வரிசையா திடீர்ச் சத்தம். நாலு பேர் சேர்ந்து சிரிச்சா ஒண்ணுமேல ஒண்ணு. என்னோட உத்தி ஒவ்வொரு 'ஹா'வையும் தட்டு விழுந்துடுச்சுன்னு நினைச்சு ஓடி ஓடிப் பிடிக்குது. அந்த ஓட்டத்துல 'நான் இருக்கேன்'னு சொல்ல மறந்துடுது. ஆய்வகத்துல தட்டைப் போட்டோம், கதவை அடிச்சோம். ஒருத்தராவது சிரிச்சுப் பாத்தோமா?"

"ஆய்வகத்துல யாரு அண்ணி சிரிப்பா?"

"அதுவும் சரிதான்."

"அப்ப பாதி உங்க பேட்டன்ட், பாதி என் பேட்டன்ட்" என்றாள் வாலு.

"ரெண்டு பேரும் சேர்ந்து என் வாயை அடைச்சிருக்கீங்க" என்றார் அண்ணன். "அதுக்கு ஒரு பேட்டன்ட் வாங்குங்க. கல்யாணமான ஆம்பளைங்க யாரும் வாங்கவிடமாட்டாங்க."

இந்த முறை பல் டாக்டருக்கு முன்னால் அண்ணி சிரித்துவிட்டார்.

வெள்ளிக்கிழமை குழுவின் முன்னால் வாலுதான் எழுந்து நின்றாள். அண்ணி பேசத்தான் இருந்தார், இவள் விடவில்லை. தன் கருவிதான் பிழையை மறைத்தது என்று ஒன்பது பேர் முன்னால் சொன்னாள். அவர்களில் மூன்று பேர் அதே கருவியைப் பாராட்டிக் கட்டுரை எழுதியவர்கள். ஒருவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். தன் பெட்டி பொய் சொல்லாது என்று இதே அறையில் தான் வாதாடிய நாள் வாலுவுக்கு நினைவு வந்தது. குழுத் தலைவி மட்டும் கேட்டார்: "சரிசெய்ய எத்தனை நாள்?"

"மூணு வாரம்" என்றார்கள் நாத்தனாரும் அண்ணியும் ஒரே குரலில். பன்னிரண்டு கருவிகளும் இருந்த இடத்திலேயே இருக்கட்டும் என்று முடிவாயிற்று.

அந்த மூன்று வாரமும் இருவரும் ஒரே மேஜையில் வேலை பார்த்தார்கள். தொடர்ச்சியாக வரும் சிரிப்பை ஒரே சத்தமாக எண்ண அண்ணி தன் உத்திக்குக் கற்றுக்கொடுத்தார். காவல்காரனைத் தொடாமல் ஓரமாக நின்று வேடிக்கை மட்டும் பார்க்கும்படி வாலு தன் பெட்டியை மாற்றினாள். கூட்டாக ஒரு விண்ணப்பமும் போட்டார்கள். அது ஏற்கப்பட்டால் இவளுக்குப் பத்து, அண்ணிக்குப் பன்னிரண்டு. வித்தியாசம் அப்படியேதான் இருக்கும். வாலு கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு, போகட்டும் என்று விட்டுவிட்டாள்.

நான்காவது சனிக்கிழமை காலை, புதிய நிரல் ஏற்றிய கருவியோடு அண்ணன் ஸ்டுடியோவில் நின்றார். கழுத்தில் பெட்டி இல்லை. சாம்பல் திரைக்கு முன்னால் குடும்பம் வரிசையாக நின்றது. வாலு விரல்களைக் கோத்துக்கொண்டாள். எந்தத் தேர்வுக்கும் அவள் இப்படிப் பயந்ததில்லை.

"ஒருத்தர் வந்தார். போட்டோல நான் ரொம்ப அழகா..."

முடிக்கவே விடவில்லை. பல் டாக்டர் தொடங்கிவைக்க, மகள், அண்ணி, வாலு என்று அறையே அதிர்ந்தது. ஒரு நொடி, இரண்டு நொடி, மூன்று நொடி. அண்ணன் கண்ணை மூடிக்கொண்டு நின்றார். விக்கல் வரைக்கும் கேட்டார். கையிலிருந்த பொத்தானை அழுத்தவே மறந்துபோனார். கண்ணைத் திறந்தபோது இமையெல்லாம் நனைந்திருந்தது.

"அப்பா, போட்டோ?" என்றாள் மகள்.

"இருடி. இன்னொண்ணு சொல்றேன். புதுசு." ஆறு மாதமாக அடக்கிவைத்த உற்சாகம் அவருக்குத் தலைக்கேறிவிட்டது. "ரெண்டு குடை சேர்ந்து கடைத்தெருவுக்குப் போச்சாம். மழை வந்ததும் ஒண்ணு மட்டும் நனைஞ்சிடுச்சாம். ஏன்? ரெண்டுக்கும் சேர்த்து ஒரே குடைதான் இருந்துச்சாம்!"

பொத்தானில் விரலை வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

ஒரு சத்தமும் இல்லை. அண்ணனின் முகம் வெளுத்தது. கை மெதுவாகக் காதுக்குப் போனது.

"வாலு, மறுபடியும் போயிடுச்சா?"

வாலு ஓடிப்போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இல்லண்ணா. மெஷின் நல்லாத்தான் இருக்கு. ஜோக்குதான் படுமொக்கை."

மின்விசிறி கடகடத்துக்கொண்டிருந்தது. அண்ணன் தலையை நிமிர்த்தி அதைக் கேட்டார். பிறகு முதலில் சிரித்தது அவர்தான். அடுத்த அரை நொடியில் மற்ற எல்லோரும் சேர்ந்துகொண்டார்கள், சிரிப்பு கிளம்பிய சத்தம் காதில் விழுந்ததும் அவர் விரல் பொத்தானை அழுத்தியது.